சகலை வாங்கின ஸ்டே

அந்தக் கவருல இருக்கிறது கோர்ட்டுக் காயிதந்தானே தம்பி? தப்பா நெனச்சுக்காதீங்க, எட்டியெல்லாம் பாக்கல. வட்ட முத்திரை குத்தி, ஓரத்துல நூலு கோத்திருந்தா எனக்குத் தெரிஞ்சுபோகும். ஒரு வருசமா அதத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். சேலம் கோர்ட்டுக்கா? நானும் அங்கதான் போறேன், பஸ்ஸு போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு. என்ன கேசு? பைனான்ஸா? அப்ப ஸ்டே வாங்கத்தான் போறீங்க. நல்லா வாங்குங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், வாங்குனத யாருகிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா சகலைகிட்ட மூச்சு விடாதீங்க. சகலை இருக்காரா? கல்யாணமே ஆகலியா? குடுத்து வச்சவரு நீங்க.

எனக்கு ஊரு தலைவாசல் பக்கம். அங்கமுத்துன்னு பேரு. நெல்லறுக்கிற மிசின் வச்சிருக்கேன். வச்சிருந்தேன். எங்க பக்கம் வூட்டுக்கு ஒரு மிசின் நிக்கும் தம்பி, வயலு இருக்கோ இல்லியோ மிசின் இருக்கும். தை பொறந்துச்சுன்னா லாரியில ஏத்திக்கிட்டு தஞ்சாவூரு, மன்னார்குடின்னு கெளம்பிடுவோம். அங்கங்க ஒரு புரோக்கரு இருப்பாரு, அவருதான் வயலு புடிச்சுக் குடுப்பாரு. மணிக் கணக்குல வாடகை. ரெண்டு மாசம் அறுத்தா வருசத்துக்குச் சோறு. பைனான்ஸ் தவணையும் மாசக் கணக்கு இல்ல, அறுப்புக் கணக்குதான். மாசியில ஒண்ணு, ஐப்பசியில ஒண்ணு.

நான் ஒரு தவணை தவறுனவன் இல்ல. இத நல்லா மனசுல வச்சுக்குங்க. மொத ஆறு வருசத்துல ஒரு தவணை தவறல. யாராச்சும் எனக்கு ஒரு மால போட்டாங்களா? ஒரு டீ வாங்கிக் குடுத்தாங்களா? கட்டாதவனுக்குத்தான் தம்பி இந்த ஊர்ல மரியாதை.

அந்தக் கட்டாதவந்தான் தனபாலு. என் வூட்டுக்காரி இந்திராணிக்குத் தங்கச்சி கோமதி, அவளக் கட்டுனவன். கட்டாதவன்னு சொன்னாச் சண்டைக்கு வருவா இந்திராணி. அவன் கட்டுனாந்தான். வசூலுக்கு வந்த பையன்கிட்ட ஒரு தவணை முழுசாக் குடுத்து ரசீது வாங்கியிருக்கான். அந்தப் பையன் வேலைய விட்டுப் போயிட்டான். கம்பெனிக்காரன், பணம் எங்க கைக்கு வரல, ரசீது எங்க புஸ்தகத்துல இல்ல, நீ தவணை தவறிட்டேன்னுட்டான். வட்டிக்கு மேல அபராத வட்டி, மிசினத் தூக்கிடுவோம்னு நோட்டீஸு. நியாயமாப் பாத்தா நானும் அவனுக்குப் பரிஞ்சுதான் பேசுனேன். சத்தியமா. அவன் கஷ்டத்துல இருந்தவரைக்கும் எனக்கு அவன் மேல பிரியந்தான். ரெண்டு வாட்டி வூட்டுக்கே போயி ஆறுதல் சொல்லிட்டு வந்தேன். வர்றப்ப நல்லாத் தூக்கம் வந்துச்சு.

அப்புறம் மார்கழி மாசம் ஸ்டே வாங்கிட்டான்.

சேலத்துல ஞானசுந்தரம்னு ஒரு வக்கீலு. அவரு மூலமா, அந்த ரசீது உண்மையா பொய்யான்னு வழக்கு முடியற வரைக்கும் மிசின் மேல கை வைக்கக் கூடாது, அடுத்தடுத்த தவணைய கோர்ட்டுல கட்டிக்கிட்டு வரணும்னு ஒரு உத்தரவு. அவ்வளவுதான் தம்பி, ஒரு ரெண்டு பக்கக் காயிதம். அதுக்கு இவன் பண்ணுன அலப்பறை இருக்கே. லேமினேசன் போட்டான். மிசினுக்குள்ள டிரைவர் சீட்டுக்கு மேல, அய்யனாரு படத்துக்குப் பக்கத்துல மாட்டுனான். கோமதி அதுக்கும் சேத்துச் சூடம் காட்டுறா. சுத்துப்பட்டு மிசின்காரனெல்லாம் வந்து பாத்துட்டுப் போறான். நாலு பேரு அதுக்கு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயி அவனவன் மிசின்ல ஒட்டிக்கிட்டானுங்க. என்னன்னா, கையில கோர்ட்டுக் காயிதம் இருந்தா மிசினச் சீஸ் பண்ணித் தூக்க வர்றவன் கொஞ்சம் தயங்குவானாம். அதுல பேரு தனபாலுன்னு இருக்கே, உனக்கு எப்படிடா ஆகும்னு கேட்டா, இருக்கட்டும்ணே, ஒரு தைரியத்துக்குங்கிறான்.

எங்க மாமியா இருக்காங்களே, எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். இன்னிக்கு வரைக்கும் என்னை "வாங்க"ன்னு கேப்பாங்க, அதோட சரி. தனபாலு கோர்ட்டுல ஜெயிச்சுட்டு வந்தான்னு அன்னிக்கு நாட்டுக்கோழி அடிச்சுட்டாங்க. ஜெயிக்கலைங்க, அது இடைக்காலத் தடைங்கன்னு நான் எடுத்துச் சொன்னேன். யாரு காதுலயும் வுழல. கோழிக் கொழம்புல ஈரல் அவன் தட்டுக்குப் போவுது, என் தட்டுல கழுத்து. இந்திராணி அங்கேயே எல்லாருக்கும் முன்னாடி சொல்றா, "தனபாலு எவ்வளவு வெவரமா ரசீத எல்லாம் கம்பியில குத்தி வச்சிருக்காரு பாருங்க. நீங்க தீப்பெட்டிக்குள்ள மடிச்சு வச்சுத் தொலைச்சுடுவீங்க"ன்னு. எனக்கு அன்னிக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. அவனுக்கு அஞ்சு வருசம் முந்தியே மிசின் வாங்குனவன் நான். அவனுக்கு எந்தக் கம்பெனி மிசின் நல்லாருக்கும்னு சொல்லிக் குடுத்தவனே நாந்தான். அவன்கிட்ட நான் எதுக்குப் பொறாமைப்படணும்?

தை பொறந்துச்சு. அவன் மன்னார்குடிக்குப் போனான், நான் நீடாமங்கலத்துல இருந்தேன். அப்பத்தான் பைனான்ஸ் கம்பெனி பிரேம்குமாரு எனக்குப் போன் பண்ணுனாரு. எனக்கும் அதே கம்பெனிதான், அவரை எனக்கு நல்லாத் தெரியும். ஊர்க் கதையெல்லாம் பேசிட்டு, உங்க சகலை மிசின் எங்கண்ணே நிக்குதுன்னாரு. நான் சொன்னேன். ஊரு, புரோக்கரு பேரு, எந்த வாய்க்கா ஓரம், எல்லாம். கேட்டாரு, சொன்னேன். கேட்டவங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்றது ஒரு தப்பா? பொய்யா சொன்னேன்? ஸ்டே இருக்குன்னு அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் எதுக்குக் கேக்கணும், அது கோர்ட்டும் கம்பெனியும் பேசிக்க வேண்டியது.

நாலு பேரோட போயி எறங்கிட்டாரு. பட்டப்பகல்ல, நடு வயல்ல, மிசின் ஓடிக்கிட்டிருக்கு. தனபாலு என்ன பண்ணுனான் தெரியுமா? சண்டை போடல, கூப்பாடு போடல. மேல ஏறி லேமினேசனக் கழட்டிட்டு வந்து பிரேம்குமாரு கையில குடுத்து, சத்தமாப் படிங்க சார்னு சொல்லியிருக்கான். அறுப்புக்கு வந்த சனம், வயக்காரரு, வைக்கோல் வண்டிக்காரன், எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. அவரு படிக்கப் படிக்க மொகம் செத்துப்போச்சாம். உத்தரவு எங்க ஆபீசுக்கு இன்னும் வரலைன்னு சொல்லிட்டு அப்படியே திரும்பிட்டாரு. வக்கீல் ஞானசுந்தரம் சும்மா இருப்பாரா? தடை இருக்கறப்பவே மிசினத் தூக்க ஆளனுப்புனாங்கன்னு கோர்ட்டுல மனு போட்டாரு. கோர்ட்டுல கம்பெனிக்குச் செம டோஸு. பயந்துபோயி அபராத வட்டியெல்லாம் தள்ளிடுறோம், சமாதானமாப் போயிடலாம்னு கம்பெனியே எறங்கி வந்துச்சு.

பாத்தீங்களா? நான் அந்தப் போனப் பேசலைன்னா அவனுக்கு இந்த யோகம் வந்திருக்குமா? யோசிச்சுப் பாருங்க. அவன் முன்னுக்கு வந்ததுக்குக் காரணமே நான். ஆனா அத வெளிய சொல்ல முடியுமா? அதான் என் தலையெழுத்து.

அதுக்கப்புறம் அவன் நடையே மாறிப்போச்சு. அவன் மாறலைன்னு இந்திராணி சொல்லுவா. எப்பவும்போல "அண்ணே அண்ணே"ன்னுதான் வருவான். அதுலயே ஒரு இது இருக்கும். உங்களுக்குச் சொன்னாப் புரியாது. மிசின்காரனுங்க எங்கயாச்சும் நாலு பேரு கூடுனா, தனபாலக் கேளு, தனபாலுக்குத்தான் சட்டம் தெரியும்னு பேச்சு. அவன் ஒம்பதாவது பெயிலு. நான் பத்து பாஸு.

அந்த மாசியில என் தவணை வந்துச்சு. பணம் கையில இருந்துச்சு தம்பி. எண்ணி, ரப்பர் போட்டு, பையில வச்சு, கம்பெனி வாசல் வரைக்கும் போனேன். போயி, திரும்பிட்டேன். ஏன் கட்டணும்? கட்டுனவனுக்கு ஒரு ரசீது குடுப்பாங்க. கட்டாதவனுக்குக் கோர்ட்டே ஒரு உத்தரவு குடுக்குது. நானும் ஒரு ஸ்டே வாங்குறேன்னு முடிவு பண்ணிட்டேன். அவன் வாங்குனது ரெண்டு பக்கம், நான் நாலு பக்கத்துக்கு வாங்குறேன்.

அதே ஞானசுந்தரத்துக்கிட்டதான் போனேன். உக்கார வச்சு எல்லாங் கேட்டாரு. கேட்டுட்டு, மூக்குக் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு.

"தனபாலு கட்டுனேங்கிறாரு, கம்பெனி கட்டலைங்குது. அதுக்குப் பேரு வழக்கு. நீங்க கட்டலைங்கிறீங்க, கம்பெனியும் கட்டலைங்குது. ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கறப்ப நான் எதுக்குங்க நடுவுல?"

பணம் இருந்தா இன்னிக்கே போயிக் கட்டிடுங்கன்னும் சொன்னாரு. எனக்கு ஆத்திரம் தாங்கல. தனபாலுக்குன்னா நியாயம் பேசுவாரு, எனக்குன்னா கண்ணாடியக் கழட்டுவாரு. சரி, இன்னொரு தவணையும் நிப்பாட்டுனா தகராறு தானா வந்துடும், அப்ப என்ன சொல்றாருன்னு பாப்போம்னு வந்துட்டேன். கம்பெனியில இருந்து ரிஜிஸ்டர் தபாலு வந்துச்சு. வாங்கல. கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தேன். போஸ்ட்மேன் பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போனாரு. இந்திராணிக்கு இதெல்லாம் தெரியாது. தவணை கட்டியாச்சுன்னு சொல்லியிருந்தேன். மிசினுக்கு முன்பணம் கட்டுனது அவ தாலிக்கொடியும் வளையலும் வித்த காசு, அத இங்க சொல்லிடணும்.

வைகாசியில கோமதி மகனுக்குக் காதுகுத்து. மூத்த மாப்பிள்ளைன்னு என்னை முன்னால உக்கார வச்சுட்டான், ஆனா வந்தவங்க எல்லாம் சுத்தி உக்காந்து தனபாலுகிட்ட அந்த வயக்காட்டுக் கதையக் கேக்குறாங்க. அவன் வேண்டாம் வேண்டாங்கிறான், அவனுங்க விடல. எத்தன வாட்டி தம்பி கேக்கிறது அந்தக் கதைய? எனக்கு வாய் நிக்கல. இதென்ன பெரிய ஸ்டே, நான் வாங்கப்போறேன் பாருங்க, கம்பெனிக்காரன் வாசப்படி மிதிக்க முடியாத ஸ்டேன்னு பந்தியில எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டேன். அங்க மூணாவது எலையில பிரேம்குமாரு உக்காந்திருக்காரு. சமாதானம் ஆயிடுச்சுல்ல, தனபாலு அவருக்கும் பத்திரிக்கை வச்சிருக்கான். அந்த மாதிரி ஆளு அவன்.

மறுநாளே கம்பெனி கோர்ட்டுல கேவியட் போட்டுடுச்சு. உங்களுக்குத் தெரியுமா கேவியட்டு? இன்ன ஆளு எங்க மேல தடை கேட்டு வருவாரு, எங்கள ஒரு வார்த்தை கேக்காம குடுத்துடாதீங்கன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்து வைக்கிறது. வாங்காத ஸ்டேவுக்கு முன்னாடியே முட்டுக்கட்டை. எங்க பக்கத்துல சோறு திங்கிற எடத்துல வாயக் குடுத்து கேவியட் வாங்குன ஒரே ஆளு நாந்தான்.

ஐப்பசித் தவணையும் போச்சு. கையில இருந்த காசு டீசலுக்கும் ரிப்பேருக்கும் கரைஞ்சுபோச்சு. இப்ப நெனச்சாலும் கட்ட முடியாது. ஊர்ல விசயம் கசிஞ்சு இந்திராணி காதுக்கும் போயிடுச்சு. அவ தங்கச்சிகிட்டப் போயி அழுதிருப்பா போல. இந்தத் தையில தனபாலு வந்து நிக்கிறான். அண்ணே, நீடாமங்கலத்துல தனியா நிக்காதீங்க, என் புரோக்கர்கிட்டச் சொல்லிட்டேன், ரெண்டு மிசினும் ஒரே ஊருல அறுப்போம், கெடைக்கிற வயல்ல முத வயலு உங்களுக்குன்னான். வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அவன் புரோக்கரு, அவன் வயலு, நான் அவன் பின்னாடி. ஆனா இந்திராணி மொகத்தப் பாத்துட்டுச் சரின்னுட்டேன்.

பத்து நாளு நல்லா ஓடுச்சு. அவன் சொன்ன மாதிரியே முத வயலு எனக்குத்தான் விட்டான். அதுவும் எனக்கு ஆகல. எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி விட்டுக் குடுப்பான். புரோக்கரு சொல்றாரு, உங்க சகலை மாதிரி ஒரு மனுசன நான் பாத்ததில்லைங்கன்னு. நான் அறுத்த வயலுக்கு வாடகைய வாங்கிக்கிட்டே அதக் கேக்கணும்.

அன்னிக்குச் சாயங்காலம் பிரேம்குமாரு போன். என் தவணையப் பத்தி ஒரு வார்த்த பேசல தம்பி. நல்லாருக்கீங்களாண்ணேன்னாரு. உங்க சகலை சமாதானத்துல ஒத்துக்கிட்ட பணத்துல பாக்கி வச்சிருக்காரு, இந்த வாட்டி விடப்போறதில்ல, மிசின் எங்க அறுக்குதுன்னு மட்டும் சொல்லுங்கன்னாரு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. மாட்டுனாண்டா, அந்த லேமினேசன் இனிமே செல்லாதுடான்னு நெனச்சேன். ஊரு பேரு, கோயிலு, அதுக்குத் தெக்கால பம்புசெட்டு, காலையில ஆறு மணிக்கு அங்க அறுப்புன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். என் மிசினும் அதே பம்புசெட்டுக்கிட்டதான் நிக்குதுன்னு எனக்கு அப்ப நெனப்பே வரல. கேட்டது அவனப் பத்தித்தானே.

காலையில பிரேம்குமாரும் ஆளுங்களும் வந்தாங்க. தனபாலோட மிசினத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா என் மிசினுக்கு வந்தாங்க. என் டிரைவரு பதறிப்போயி தனபாலு மிசின்ல ஏறி அந்த லேமினேசனத் தூக்கிட்டு வந்து நீட்டுறான். பிரேம்குமாரு படிச்சுட்டு, இதுல உங்க மொதலாளி பேரு இல்லியேன்னு சிரிக்கிறாரு. தனபாலு குறுக்க வந்து நின்னான். நாளைக்குள்ள ஒரு தவணைய நான் கட்டுறேன், சீசன் நடுவுல தூக்காதீங்க சார்னு கேட்டான். அவங்க கேக்கல. நான் வரப்புல உக்காந்துட்டேன். என் மிசின் லாரியில ஏறுது, நான் பாத்துக்கிட்டிருக்கேன். அதவிட அவன் எனக்காகக் கையக் கட்டிக்கிட்டு நின்னான் பாருங்க, அதத்தான் என்னால பாக்க முடியல.

இப்ப மிசின் சேலத்துல கம்பெனி யார்டுல நிக்குது. வர்ற வியாழக்கிழமை ஏலம். ஏலத்துல போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல தம்பி, நாப்பத்தாறு வயசுல இன்னொருத்தன் மிசினுக்கு டிரைவராப் போக வேண்டியதுதான். தனபாலுதான் வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போனான். முறையா அறிவிப்பு இல்லாமத் தூக்கிட்டாங்க, ஏலத்துக்குத் தடை வேணும்னு மனு. பீசும் அவந்தான். கேவியட்ட விடாமப் புதுப்பிச்சுக்கிட்டே வந்ததால கம்பெனியும் பதில் மனு போட்டுச்சு. அதுல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? மனுதாரரே போன் பண்ணி மிசின் நிக்கிற எடத்தச் சொல்லி, மனமுவந்து ஒப்படைச்சாருன்னு.

வக்கீலு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அடிச்சு விடறதுக்கும் ஒரு அளவு வேணாமா, உங்க போன்ல யாரு யாருகிட்டப் பேசுனீங்கன்னு லிஸ்டு எடுத்துட்டு வாங்க, ஒரே வாய்தாவுல கம்பெனி வாய அடைச்சுடலாம்னாரு. தனபாலு பக்கத்துல உக்காந்திருக்கான். நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். ஒரு வாரமா லிஸ்டு கெடைக்கல, போன் கம்பெனியில சர்வர் வேல செய்யலைன்னு சாக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு வாய்தா. லிஸ்டு குடுத்தா, என் வாயாலதான் எடத்தச் சொன்னேன்னு ஆகும், தனபாலுக்கும் தெரிஞ்சுபோகும். குடுக்காட்டி மிசின் போகும். ராத்திரியெல்லாம் ரெண்டையும் எடை போட்டுப் பாத்தேன். மிசின் போனாப் போகட்டும்னுதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

பஸ் ஏறப்போறேன், தனபாலு போன் பண்றான்.

"அண்ணே, அந்த லிஸ்டு வேண்டாம்னு வக்கீல்கிட்டச் சொல்லிட்டேன். அதுல போன வருசத்துப் பேச்சும் சேந்து வரும், நமக்கு எதுக்கு அது. வேற மாதிரி பாத்துக்கலாம்கிறாரு. ஏலம் வரைக்கும் போனாலும் நான் எடுத்துடுறேன், உங்க பேருலயே ஓட்டுங்க. சாப்புடாம வாங்க, கோமதி கட்டிக் குடுத்திருக்கா."

போன வருசத்துப் பேச்சுங்கிறான் தம்பி. போன வருசம் நான் பேசுனது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த வயல்லயே பிரேம்குமாரு சொல்லியிருக்கணும். அப்ப எல்லாந் தெரிஞ்சுதான் காதுகுத்துல என்னை முன்னால உக்கார வச்சிருக்கான். தெரிஞ்சுதான் தன் புரோக்கர்கிட்டக் கூட்டிட்டுப் போயி முத வயல எனக்கு விட்டிருக்கான். ஒரு வருசமாத் தெரிஞ்சுக்கிட்டே "அண்ணே அண்ணே"ன்னு கூப்புட்டிருக்கான், ஒரு நாளாச்சும் என் சட்டையப் புடிச்சு ஏண்டா சொன்னேன்னு கேட்டானா? ஒரு வார்த்த திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்குத் தீந்திருக்கும்.

இப்ப கோர்ட்டு வாசல்ல சோத்து மூட்டையோட நிப்பான். நான் எறங்குறதப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே வருவான். நீங்க நாலெழுத்துப் படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. எனக்கு இப்படி ஒரு துரோகம் பண்ணுனவன நான் எப்படித் தம்பி மன்னிக்கிறது?